ஐந்தே ஆட்டங்கள் ஆடியவருக்கு ஆல்-ஸ்டார் தகுதி உண்டா?

கேள்வி: 2025 ஜூலையில் அட்லாண்டாவில் நடந்த, அமெரிக்க பேஸ்பால் லீக்கின் சிறந்த வீரர்கள் ஆண்டுதோறும் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு, ஜூன் 12 அன்று அறிமுகமாகி ஐந்தே ஆட்டங்களில் பந்தெறிந்திருந்த மில்வாக்கி புரூவர்ஸ் அணியின் ஜேக்கப் மிசியரோவ்ஸ்கி மாற்று வீரராகச் சேர்க்கப்பட்டார். பிலடெல்பியா அணியின் பந்துவீச்சாளர்களான கிறிஸ்டோபர் சான்செஸ், ரேஞ்சர் சுவாரஸ் போன்றோர் வெளியே நிற்க, இது நியாயமா?

முதல் பதில்: நியாயமில்லை என்பதே என் உறுதியான கருத்து. பருவத் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு முறையும் நீண்ட நேரம் பந்தெறிந்து, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக இரண்டரை ஓட்டங்கள் மட்டுமே விட்டுக்கொடுத்த சான்செஸின் உழைப்பை ஒரு மாதத்துப் பரபரப்பு ஓரங்கட்டிவிட்டது. அவருடைய சக வீரர்களே வெளிப்படையாகக் கொதித்ததில் வியப்பில்லை.

இரண்டாம் பதில்: நான் மறுக்கிறேன். இது ரசிகர்களுக்கான காட்சி ஆட்டம். மணிக்கு 100 மைலைத் தாண்டும் வேகத்தில் வீசி, முதல் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 11 இன்னிங்ஸ் வரை ஒரு ஹிட்டுக்குக்கூட (மட்டையாளர் பந்தை அடித்துத் தளத்தை எட்டுவது) இடம் கொடுக்காத இளைஞரைக் காண எவருக்குத்தான் ஆவல் இருக்காது?

மூன்றாம் பதில்: ரசிகர்களின் ஆவலை மட்டுமே அளவுகோலாக்க முடியாது. 1957-இல் சின்சினாட்டி ரசிகர்கள் வாக்குகளைக் கொட்டிக் குவித்துத் தங்கள் அணியினர் ஏழு பேரைத் தொடக்க வரிசைக்குத் தேர்ந்தெடுத்தபோது, பேஸ்பால் லீக்கின் ஆணையர் ஃபோர்டு ஃபிரிக் அவர்களில் இருவரை நீக்கிவிட்டுப் பிற அணிகளின் வில்லி மேஸையும் ஹாங்க் ஆரனையும் சேர்க்க வேண்டியதாயிற்று; அதன்பின் 1970 வரை ரசிகர்களுக்கு வாக்குரிமையே இல்லை. ஒவ்வோர் அணியிலிருந்தும் ஒருவராவது இடம்பெற வேண்டும் என்ற விதியால் ஏற்கெனவே இடங்கள் சுருங்குகின்றன. ஆகவே, மாற்று வீரர்களுக்காவது குறைந்தபட்ச இன்னிங்ஸ் வரம்பு ஒன்றை விதிக்க வேண்டும்.