புதுப்பிப்பு: ஆயில் பிரஷர் சென்ஸர் கசிவு நின்றது

பழைய காரின் ஜப்பானிய இன்ஜினில் ஆயில் பிரஷர் மீட்டர் சேர்த்தபோது அடாப்டர் மரையில் கசிகிறது, வெள்ளை டேப் சுற்றலாமா என்று கேட்டிருந்தேன். டேப் சுற்றவில்லை. அதன் துணுக்கு எண்ணெய்ப் பாதைக்குள் போனால் பேரிங்கே காலி.

செந்தூல் வொர்க்‌ஷாப் அண்ணன்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். கடையில் கொடுத்த அடாப்டர் என்பிடி எனும் அமெரிக்கக் குழாய் மரை வகை, அங்குலத்துக்கு 27 மரை. இன்ஜின் பிளாக்கில் இருப்பது பிஎஸ்பிடி எனும் பிரிட்டிஷ் வகை, 28 மரை. இரண்டுமே 1/8 அங்குல அளவுதான். முதல் சில சுற்று ஒழுங்காக ஏறும், அப்புறம் இறுகும், ஆனால் கசிவை அடைக்காது. என்ன கொடுமை!

சரியான அடாப்டருக்கு முனையில் ஓரிரு மரையை விட்டுத் திரவ சீலன்ட் தடவினோம். சொட்டுகூட இல்லை.

ஆயில் கூலர் ஹோஸை இணைக்கும் ஏஎன் வகை ஃபிட்டிங்குக்கும் சீலன்ட் தடவலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அங்கே 37 டிகிரி கூம்புதான் அடைக்கிறது. மரைக்கு இறுக்கும் வேலை மட்டும்.