லீவு வந்தா மலைக்கு மூச்சு முட்டுது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

லயத்துப் பையன், கேமரன் மலை, மலேசியா:
போன பள்ளி லீவுல ஒரு சனிக்கிழமை. விடியக்காலையிலேருந்தே அம்மாவுக்கு இழுப்பு. எங்க லயத்துலேருந்து (தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசை) தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குச் சாதாரண நாள்ல 20 நிமிஷம். அன்னைக்கு டூரிஸ்ட் கூட்டத்துல தோட்டத்து ரோடு மெயின் ரோட்டுல சேர்ற முனையிலேயே முக்கால் மணி நேரம் நின்னோம். நான் இறங்கி நடந்து, முன்னாடி நின்ன ஒவ்வொரு காடி (கார்) கண்ணாடியையும் தட்டி "சாக்கிட், தோலோங்"னு, உடம்பு சரியில்ல, உதவி பண்ணுங்கன்னு மலாய்ல கெஞ்சினேன். பாவம், ஒதுங்கணும்னுதான் பார்த்தாங்க. ஒதுங்க இடம் எங்க? ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் வாய்க்கால். அம்மா பின்சீட்டுல இழுப்புக்கு அடிக்கிற மருந்து பம்பைக் கையில இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு, "கத்தாதடா, அவங்களும் பிள்ளைகுட்டியோட வந்தவங்க"ங்குது. போய்ச் சேர ரெண்டே கால் மணி நேரம் ஆச்சு. இப்ப நல்லா இருக்கு, பின்னாடி தோசை சுட்டுக்கிட்டு இருக்கு.

தாப்பா வழியா வந்தாலும் சரி, சிம்பாங் பூலாய் வழியா வந்தாலும் சரி, ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா எல்லாத்துக்கும் முதுகெலும்பு மாதிரி ஓடுறது அந்த ஒரே ரோடுதான். ஓட்டல் எத்தனை மாடி ஏறினாலும் ரோடு அதேதான். உங்க அனுபவத்தையும் எழுதுங்க, ஆனா யார் பேரும், கடை பேரும் வேணாம்.

ரிங்லெட் அக்கா:
தம்பி, அம்மாவைப் பார்த்துக்கப்பா. என் கதை சின்னதுதான். வாசல்ல துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். மூணு டூரிஸ்ட் கேட்டுக்குள்ளேயே வந்துட்டாங்க. ஒரு பொண்ணு, பழைய காலத்துக் கூடை ஒண்ணு வெச்சிருந்தா, எங்கேயோ கடையில வாங்கினது. அதை முதுகுல மாட்டிக்கிட்டு நிக்கச் சொன்னா. நான் 31 வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவ. கடைசி வருஷங்கள்ல கையால கிள்ளவே இல்ல, கத்திரிதான். அதுக்கப்புறம் ரெண்டு பேர் பிடிக்கிற மெஷின் வந்துச்சு. இப்ப மலையில நிக்கிறவங்கள்ல நிறைய பேர் வங்காளதேசத்துப் பையன்கள். அவங்களை யாரும் படம் பிடிக்கிறது இல்ல, அவங்க தோள்ல கூடை இல்லையே.

"நான் ரிட்டையர் ஆயிட்டேன்மா"ன்னேன். "பரவால்ல ஆன்ட்டி, ஒரே ஒரு படம்"னா. நின்னேன். ஏன் நின்னேன்னு இப்பவும் தெரியல. போகும்போது 10 வெள்ளி (ரிங்கிட்) நோட்டைத் துணிக்கொடிக் கிளிப்புல மாட்டிட்டுப் போனா. அந்த நோட்டை ரெண்டு நாள் எடுக்கல, மழையில நனைஞ்சதுக்கு அப்புறம்தான் எடுத்தேன்.

லேண்ட் ரோவர் தம்பி:
அக்கா, கேட்கவே ஒரு மாதிரியா இருக்கு. என் பக்கத்துத் தப்பையும் சொல்லிடுறேன். பிரிஞ்சாங் மலைக்கு, அந்தப் பாசிக் காட்டுக்கு, ஆள் ஏத்துற வேலை எனக்கு. 2,000 மீட்டருக்கு மேல இருக்கிற இடம், மேகம்தான் அந்தக் காட்டுக்குத் தண்ணி. மரத்துல மெத்தை மாதிரி தொங்குற பாசி ஒரு நாளில் வளர்ந்தது இல்ல. ஆரம்பத்துல கஸ்டமர் பலகைப் பாதையை விட்டு இறங்கினா நான் வாயைத் திறக்க மாட்டேன், டிப்ஸ் போயிடுமே. ஒரு தடவை ஒரு அப்பா குடுவைச் செடியைக் கிள்ளி மகள் கையில கொடுத்தாரு. உள்ளே இருந்த தண்ணி, எறும்பு எல்லாம் அது சட்டையில ஊத்திடுச்சு. பிள்ளை கத்துது, எல்லாரும் சிரிக்கிறாங்க, நானும் சிரிச்சேன். அடுத்த வாரம் போனா அந்த இடத்துல ஒரு குடுவைகூட இல்ல, செம்மண்ணுதான் தெரியுது. இப்ப காடியில ஏறும்போதே சொல்லிடுறேன்: பலகையை விட்டு இறங்கினா அங்கேயே திருப்பிடுவேன். ரெண்டு பேர் எனக்கு ஒரு ஸ்டார் போட்டிருக்காங்க.

ஸ்ட்ராபெரி கடை:
எல்லாரும் டூரிஸ்ட்டைத் திட்டிட்டீங்க, என்னையும் பேச விடுங்க. நாலு நாள் லீவுல வித்தாத்தான் எனக்கு வாடகையும் பிள்ளை ஃபீஸும். கூட்டம் வராத மாசத்துல ஸ்ட்ராபெரியை நானே ஜாம் போட்டுச் சாப்பிடணும். மலையைக் கெடுத்தது காடியில வர்றவன் மட்டுமா? காய்கறித் தோட்டத்துக்கும் பிளாஸ்டிக் கூடாரத்துக்கும் சரிவு சரிவா வெட்டினது யாரு? 2013 அக்டோபர்ல ரிங்லெட் அணையைத் திறந்துவிட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்குல சேறும் தண்ணியுமா வந்து உயிர் போச்சே, அந்த அணை அவ்வளவு சீக்கிரம் நிறைஞ்சது அடியில கிடந்த மண்ணாலதான். அந்த மண்ணை செல்ஃபி எடுக்க வந்தவனா கொட்டினான்?

லயத்துப் பையன்:
அண்ணே, நீங்க சொல்றது நியாயம்தான். யாரும் வராதீங்கன்னு நானும் சொல்லல. நான் கேட்கிறது வேற: எத்தனை காடி ஏறலாம்னு யாராவது ஒருத்தர் கணக்கு வெக்கணும். நிறைஞ்சா ரிங்லெட்லேயே நிறுத்தி பஸ்ல மேல கொண்டு வரட்டும். ஆம்புலன்ஸ் போக ஒரு வழி திறந்திருக்கட்டும். உங்க கடை முன்னாடி பஸ் நின்னா ஒரே நேரத்துல 40 பேர் இறங்குவாங்க, காடியில உட்கார்ந்திருக்கிறவன் எங்க ஸ்ட்ராபெரி வாங்கப் போறான்?

கே.எல். (கோலாலம்பூர்) பையன்:
நான் அந்த டிராஃபிக் ஜாம்ல உட்கார்ந்திருந்தவங்கள்ல ஒருத்தனா இருக்கலாம். மன்னிச்சிருங்க. தீவாளிக்கு குடும்பத்தோட வரலாம்னு இருந்தோம். எப்ப வந்தா உங்களுக்குத் தொல்லை இல்ல?

ரிங்லெட் அக்கா:
செவ்வாய், புதன்ல வாப்பா, பள்ளி இருக்கிற வாரமாப் பார்த்து. லயத்துப் பக்கம் வந்தா கேட்டுக்கு வெளியே நின்னு கூப்பிடு. டீ போட்டுத் தர்றேன். கூடை மட்டும் கொண்டு வராதே.

லயத்துப் பையன்:
நாங்க வீட்டுல ஒரு முடிவு எடுத்திருக்கோம். நீண்ட லீவுக்கு முதல் நாளே அம்மாவை மலைக்குக் கீழே தாப்பாவுல தங்கச்சி வீட்டுக்கு இறக்கிடுறேன். அங்க சூடு தாங்கல, ராத்திரி தூக்கம் இல்லன்னு திட்டுது. ஆனா ஆஸ்பத்திரி பக்கத்துலேயே இருக்கு.