சிறைக்கு 100 டாலர் அனுப்பினால் 50 தான் சேருகிறது: கலிபோர்னியாவில் பணம் அனுப்புமுன் தெரிய வேண்டியவை

மூன்று மாதத்துக்கு முன்னால் சாக்ரமென்டோ வந்து சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா கணவருக்கு இங்கே தண்டனை ஆகிவிட்டது. ஊரிலிருந்து அக்கா தினமும் போனில் அழுகிறார். பணம் எப்படி அனுப்புவது, அனுப்பினால் நமக்கு ஏதாவது சிக்கல் வருமா என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். முறையான வழியில் சிறையில் இருப்பவருக்குப் பணம் அனுப்புவது இங்கே குற்றமில்லை. உங்கள் பெயரும் முகவரியும் பதிவாகும், அவ்வளவுதான். என் சித்தப்பா மகன் நான்கு வருடம் கலிபோர்னியா மாநிலச் சிறையில் இருந்தான். மாதாமாதம் பணம் அனுப்பியது நான்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வேறு மாநிலம் என்றால் விதிகளும் வேறு.

மாமா இப்போது எங்கே இருக்கிறார் என்று முதலில் உறுதி செய்யுங்கள். கவுண்டி ஜெயில் (நம்மூர் மாவட்டச் சிறை மாதிரி) வேறு, மாநிலச் சிறை வேறு, ஃபெடரல் எனும் மத்திய அரசுச் சிறை வேறு. மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. தண்டனை ஆனதும் ஆளை கவுண்டி ஜெயிலிலிருந்து வாஸ்கோ, நார்த் கெர்ன் போன்ற சிறைகளில் உள்ள, புதிதாக வருபவர்களை முதலில் வைத்திருக்கும் வரவேற்பு மையத்துக்குக் கொண்டுபோவார்கள். பிறகுதான் எந்தச் சிறை என்று முடிவாகும். என் தம்பியை மாற்றியது தெரியாமல் நான் பழைய கவுண்டி கணக்கிலேயே 150 டாலர் போட்டுவிட்டேன். அது திரும்பி வர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் அவனிடம் சோப்பு வாங்கக்கூடக் காசில்லை.

இடத்தைக் கண்டுபிடிக்க மாநிலச் சிறைத் துறையான சிடிசிஆர் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறோம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராகப் போயிருக்கும். அதனால் அப்பா பெயரைப் போட்டுத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பெயரை முன்பின்னாக மாற்றிப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் என்றால் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ (FNU, முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று விழுந்திருக்கலாம். பதிவில் எப்படி இருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே அவருடைய சிடிசிஆர் எண். இப்போது உள்ளே போகிறவர்களுக்கு இரண்டு ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட எண் கொடுக்கிறார்கள். இந்த எண் இல்லாமல் ஒரு காசும் நகராது.

அனுப்ப இரண்டு வழி. ஜேபே போன்ற நிறுவனங்கள் மூலம் கார்டில் போட்டால் சீக்கிரம் போய்ச் சேரும், ஆனால் ஒவ்வொரு தடவையும் கட்டணம் உண்டு. தபால் அலுவலகத்தில் மணி ஆர்டர் எடுத்து அனுப்பினால் செலவு குறைவு, நாள் பிடிக்கும். எந்த முகவரிக்கு, எந்தச் சீட்டை இணைத்து அனுப்ப வேண்டும் என்பதை சிடிசிஆர் தளத்தில் அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். உறையில் ரொக்கப் பணம் வைக்கவே வைக்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். நீதிமன்றம் தண்டனையோடு ரெஸ்டிட்யூஷன் என்று ஒரு தொகையும் விதித்திருக்கும். பெருங்குற்றம் என்றால் அபராதமே 300 டாலரிலிருந்து 10,000 டாலர் வரை போகும். பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டிய ஈடு அதற்கு மேல் தனி. அது தீரும் வரை, உள்ளே அவருக்குக் கிடைக்கும் கூலியிலிருந்தும் நாம் போடும் பணத்திலிருந்தும் பாதி வரை பிடித்துக்கொள்வார்கள். நான் முதலில் அனுப்பிய 100 டாலர் அவன் கணக்கில் 50 ஆகத்தான் ஏறியது. ஊரில் சித்தி நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். "பாதியை யார்டா எடுத்துக்கிட்டாங்க?" என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் அக்காவுக்கு இதை முதல் நாளே விளக்கிச் சொல்லிவிடுங்கள். அந்தப் பணம் காணாமல் போகவில்லை, மாமாவின் கடன் அந்த அளவுக்குக் குறைகிறது. எவ்வளவு பாக்கி என்பதை மாமாவே உள்ளே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அதனால் பணத்தைக் கொஞ்சமாகப் போட்டு, மிச்சத்தைப் பார்சலாக அனுப்புங்கள். அனுமதி பெற்ற கடைகளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை, 30 பவுண்டு வரை சாமான் அனுப்பலாம். கடைக்கு நேராகக் கட்டும் பணத்தில் பிடித்தம் கிடையாது. வரவேற்பு மையத்தில் இருக்கும் வரை இது கிடைக்காது. நிரந்தரச் சிறைக்குப் போன பிறகுதான். வீட்டு முறுக்கு, ஊறுகாய் எதுவும் போகாது. புத்தகமும் கடையிலிருந்து நேரடியாகப் போக வேண்டும். என் தம்பி முதல் கடிதத்தில் கேட்டது இவ்வளவுதான்: சூப் இருபது, காபித் தூள், தேங்காய் எண்ணெய், தபால் தலை. சூப் என்றால் பாக்கெட் நூடுல்ஸ், உள்ளே அப்படித்தான் சொல்கிறார்கள். மாமா சைவம் என்றால் சைவச் சாப்பாடு கேட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், கொடுப்பார்கள்.

போனுக்கென்று பணம் போட வேண்டாம். 2023 ஜனவரியிலிருந்து கலிபோர்னியா மாநிலச் சிறைகளிலிருந்து பேசுவது இலவசம். கவுண்டி ஜெயிலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

அப்புறம், "நான் சிறை அதிகாரி பேசுகிறேன், கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லுங்கள், உடனே விடுகிறோம்" என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். மோசடி அது. மாமாவே திடீரென்று இன்னொரு கைதியின் கணக்கிலோ, வெளியே முகம் தெரியாத ஒருவருக்கு ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையிலோ பணம் போடச் சொன்னால், உள்ளே கடனோ மிரட்டலோ இருக்கலாம். ஒருமுறை கொடுத்தால் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கொடுக்காமல், அவருடைய வக்கீலிடம் அன்றே பேசுங்கள். மாமா அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் என்றால் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்கள். தண்டனை முடியும் நேரத்தில் குடியேற்றத் துறை அழைத்துக்கொண்டு போனால், அங்கே இடமும் எண்ணும் கணக்கும் மறுபடி புதிதாகத் தொடங்கும்.

இந்த வாரம் அந்த எண்ணை மட்டும் தேடி எடுங்கள் தம்பி. பெயர் கிடைக்காமல் சிக்கினால், பாஸ்போர்ட்டில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்று தனிச்செய்தியில் எழுதுங்கள். சேர்ந்து தேடிப் பார்க்கலாம்.