கலைச்சொல் விவாதம்: பந்தயக் காரின் 'லிவரி'யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வெள்ளவத்தையிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

கணினியில் ஓட்டும் கார்ப் பந்தயங்களுக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒரு வழிகாட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். 'லிவரி' என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டது. காரின் உடம்பு நிறம், பட்டைகள், இலக்கம், அனுசரணையாளர் பெயர்கள் எல்லாம் சேர்ந்த தோற்றத்தைத்தான் லிவரி என்கிறார்கள். நம் ஆட்கள் 'ஸ்கின்' என்றோ 'டிசைன்' என்றோ எழுதிவிட்டுப் போகிறார்கள். 'வண்ணப்பூச்சு' போதும் என்று இங்கேயே ஒரு கருத்து வந்தது. போதாது என்பது என் கட்சி.

ஓர் உதாரணம். 1973இல் ஐரோப்பிய டூரிங் கார்ப் (வீதிக் கார்களைப் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டுவது) பட்டம் பிஎம்டபிள்யூ 3.0 சிஎஸ்எல் ஓட்டிய டொய்ன் ஹெஸ்மான்ஸுக்குக் கிடைத்தது. வெள்ளை உடம்பு, அதன்மேல் இளநீலம், ஊதா, சிவப்பு என்று மூன்று பட்டைகள். பிஎம்டபிள்யூவின் மோட்டார்ஸ்போர்ட் பிரிவு தொடங்கியது 1972இல். அந்தப் பிரிவின் அடையாளமாக இன்றுவரை இருப்பது இந்த மூன்று பட்டைகள்தான். இதை அசெட்டோ கோர்சா கொம்பெடிசியோனே என்ற கணினிப் பந்தய விளையாட்டில் இருக்கும், பிஎம்டபிள்யூவின் இன்றைய பந்தயக் காரான எம்4 ஜிடி3இல் கொண்டுவரப் பார்க்கிறேன்.

பழைய காரின் உடம்பு ஒடுக்கம், பக்கங்கள் ஓரளவு தட்டை. எம்4 ஜிடி3யின் அகலம் 2 மீற்றரைத் தாண்டும். சில்லுகளுக்கு மேலே வீங்கிய வளைவு, முன்சில்லுக்குப் பின்னால் காற்று வெளியேற வெட்டிய திறப்பு, பின்னால் தூணில் நிற்கும் பெரிய இறகு. 1973இன் பட்டையை அப்படியே இழுத்தால் அந்தத் திறப்பில் விழுந்து உடைந்துவிடும். உயர்த்திப் போட்டால் கண்ணாடி விளிம்பில் முட்டும். மூன்று பட்டைகளின் அகல விகிதத்தை விடாமல், அவை போகும் பாதையை மட்டும் மாற்றினேன். அப்போதுதான் பார்க்கிறவர் உடனே "ஓ, அந்த சிஎஸ்எல்!" என்கிறார். ஒரு கோடுகூடப் பழைய இடத்தில் இல்லை, ஆனாலும் அதுதான் என்று தெரிகிறது. இப்படி ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்குத் தாவும் அந்தத் தோற்றத்துக்குத்தான் எனக்குச் சொல் வேண்டும்.

கணினிக்குள் இருக்கும் படக்கோப்பு வேறு சங்கதி. சட்டை தைக்கமுன் வெட்டிய துணித்துண்டுகளை மேசையில் பரப்பியது போல, காரின் கதவு, பொனட், கூரை எல்லாம் ஒரே சதுரப் படத்தில் தனித்தனியாகக் கிடக்கும். படத்தில் நேராகப் போட்ட கோடு காரில் ஏறியதும் வளையும். காரில் நேராகத் தெரியவேண்டுமென்றால் படத்தில் வளைத்துப் போடவேண்டும். கதவும் பின்பக்கமும் சேரும் இடத்தில் இரண்டு துண்டுகளிலும் பட்டை ஒரே உயரத்தில் முடியவேண்டும். கொஞ்சம் விலகினாலும் அப்பட்டமாகத் தெரியும். என் நேரத்தில் பாதி இந்த மூட்டுகளில்தான் போகிறது. பாடுபட்டுச் செய்த அந்தப் படம் எம்4க்கு மட்டும்தான் பொருந்தும். இன்னொரு காருக்குப் போட்டால் பட்டை கண்ட இடத்திலும் ஓடும்.

விளையாட்டு செய்பவர்களிடமே இந்தக் குழப்பம் இருக்கிறது. 2014இல் முழுதாக வெளிவந்த அசெட்டோ கோர்சாவில் இந்தப் படங்கள் இருக்கும் கோப்புறைக்கு 'ஸ்கின்ஸ்' என்று பெயர். அதே நிறுவனம் 2019இல் விட்ட கொம்பெடிசியோனேயில் 'லிவரீஸ்'. ஐரேசிங் என்ற இன்னொரு பந்தய விளையாட்டில் 'பெயின்ட்'. அவர்கள் எப்படியும் வைக்கட்டும். நாம் தோற்றத்துக்கு ஒன்று, படக்கோப்புக்கு ஒன்று என இரண்டு சொல் வைப்போம். கையில் சொல் இருந்தால் போடுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

பிள்ளைக்கு,

மடல் கண்டேன். கார் ஓட்டம் எனக்குத் தெரியாது. இருந்தாலும் நீங்கள் பிரித்துச் சொன்னது விளங்குகிறது. அரசகரும மொழித் திணைக்களத்தின் பழைய சொற்றொகுதிகளில் இதைத் தேடி மெனக்கெட வேண்டாம். அவை பாடசாலைப் பாடங்களுக்கும் கந்தோர் வேலைக்கும் தொகுத்தவை.

லிவரி என்பது ஐரோப்பாவில் பிரபுக்கள் தம் ஏவலாளருக்குக் கொடுத்த உடுப்பு. எந்த வீட்டு ஆள் என்று நிறத்தைப் பார்த்தே சொல்லலாம். அதனால் முதலில் 'சீருடை' என்றே நினைத்தேன். ஆனால் சீருடை என்றதும் நமக்கு வெள்ளைச் சட்டையும் பள்ளிக்கூட மணியும்தானே ஞாபகம் வரும்? உயிரில்லாத வாகனத்துக்கு உடை என்பதும் ஒட்டவில்லை.

அந்த வேலையை நம் மூவேந்தர் பூவைக் கொண்டு செய்தார்கள். சேரருக்குப் பனம்பூ, சோழருக்கு ஆத்தி, பாண்டியருக்கு வேம்பு. போர்க்களத்தில் தலையிலும் மார்பிலும் இருக்கும் பூ ஆளைக் காட்டிக்கொடுக்கும். மார்பில் போடும் அந்த மாலைக்குத் 'தார்' என்று பெயர். இரண்டெழுத்து, இனிமையான சொல். ஆனால் வீதியில் ஓடும் காருக்குத் தார் என்று எழுதினால் டயரில் ஒட்டியது என்றுதான் வாசிப்பார்கள். வேண்டாம், விடுவோம்.

'கோலம்' எப்படி? வாசலில் போடுவதைச் சொல்லவில்லை. மணக்கோலம், போர்க்கோலம், திருக்கோலம் என்கிறோமே, அந்தக் கோலம். ஆள் ஒன்று, கோலம் பல. ஒரே கோலத்தைப் பலர் தாங்கவும் செய்யலாம். முன்னால் 'அணி' சேர்த்தால் அணிக்கோலம். அணி என்றால் குழுவும் ஆகும், அலங்காரமும் ஆகும். இரண்டும் உங்களுக்குப் பொருந்தும்தானே?

பஞ்சிகாவத்தையிலிருந்து

அக்கா, ஐயா, நான் வழக்கமாக வாசிப்பதோடு சரி. கார்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது என் தொழில் என்பதால் எழுதுகிறேன்.

கடையில் நாங்கள் சொல்வது 'ஸ்டிக்கர் வேலை'. முழு உடம்பையும் மூடினால் 'ராப்'. லிவரி என்று கேட்டு வருபவர் குறைவு. போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்பார்கள். அக்கா சொன்ன கதை நிஜக் காரிலும் அப்படியேதான். லான்சருக்கு வெட்டிய பட்டையைச் சிவிக்கில் ஒட்டமுடியாது. சில்லுக்கு மேலுள்ள வளைவில் சூடு காட்டி இழுத்தால் ஸ்டிக்கர் நீளும், பட்டை அந்த இடத்தில் கோணும். அதை நினைத்து முன்கூட்டியே மாற்றி வெட்டுவோம். வெட்டுவது ஒவ்வொரு காருக்கும் வேறு, கேட்பவர் கண்ணில் இருப்பது ஒன்றுதான். ஆகவே இரண்டு சொல் என்பது எனக்குச் சரி.

ஆனால் கோலத்தில் ஒரு சிக்கல். எங்கள் கடையில் பாதிப்பேர் சிங்களப் பொடியன்கள். 'கோலம்' என்றால் அவர்களுக்கு முகமூடி போட்டு ஆடும் கூத்து. பேச்சில் 'கோலம் கரண்ட எப்பா' என்றால் கோமாளித்தனம் பண்ணாதே என்று அர்த்தம். காருக்குக் கோலம் போடுகிறேன் என்று சொன்னால் அன்று முழுக்கச் சிரிப்பார்கள். தமிழிலும் 'அலங்கோலம்' பக்கத்திலேயே நிற்கிறது. சில வாடிக்கையாளர் கேட்கும் வேலைக்கு அது பொருத்தம் என்பது வேறு கதை.

வெள்ளவத்தையிலிருந்து

ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி.

சிங்களச் சிரிப்பைப் பற்றி நான் கவலைப்படவில்லை. முகமூடி போட்டதும் ஆள் வேறாகத் தெரிகிறானே, அந்தப் பொருள் இங்கே உதவிக்குத்தான் வருகிறது. அலங்கோலம் பயமும் வேண்டாம். மணக்கோலம் என்று அழைப்பிதழில் அச்சடிக்கும்போது யாரும் அதை நினைப்பதில்லை.

அணிக்கோலத்தை இன்னொரு காரில் வைத்துப் பார்த்தேன். 1987இல் அவுஸ்திரேலிய டூரிங் கார்ப் பட்டத்தை ஜிம் ரிச்சர்ட்ஸ் வென்ற பிஎம்டபிள்யூ எம்3. கறுப்பு உடம்பு, பொன்னிறக் கோடுகள், ஜேபிஎஸ் என்ற சிகரெட் பெயர். இன்று அதை மீண்டும் செய்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பெயரை எடுத்துவிடுகிறார்கள். இங்கே இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புகையிலை விளம்பரமே கூடாது, எனவே நானும் போடமாட்டேன். கொம்பெடிசியோனேயில் இது சுலபம். பட்டைகளுக்கு ஒரு படம், அனுசரணையாளர் பெயர்களுக்கு வேறொரு படம். இரண்டாவதைக் காலியாக விட்டாலும் கறுப்பும் பொன்னும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடும். 'விளம்பரப் பூச்சு' என்று பெயர் வைத்திருந்தால் இந்தக் காரில் பூச்சு இருக்கிறது, விளம்பரத்தைக் காணோம் என்று ஆகியிருக்கும். அணிக்கோலம் இங்கேயும் நிற்கிறது.

படக்கோப்புக்கு 'ஸ்கின்' என்பதை அப்படியே மொழிபெயர்த்து 'தோல்' என்று வைக்க வேண்டாம். மென்பொருள்களின் முகப்பை மாற்றுவதற்கு ஏற்கெனவே சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். காரின் மேற்புறத்தை விரித்த படம் என்பதால் 'மேல்விரிப்பு' என்கிறேன். வாக்கியத்தில் வைத்தால் தொண்டையில் சிக்கவில்லை: "எதிரே ஓடுபவர் கணினியிலும் உங்கள் மேல்விரிப்பு இருந்தால்தான் உங்கள் அணிக்கோலம் அவருக்குத் தெரியும்." இதையே ஸ்கின், லிவரி என்று எழுதினால் புதிதாக வருபவர் ஒன்றைத்தான் இரண்டு பெயரில் சொல்கிறேன் என்று நினைப்பார்.

பழைய அணிக்கோலத்தைப் புதிய காருக்கு ஏற்றிச் செய்ததை 'மீள்கோலம்' என்று வைக்கலாம். மீள்சுழற்சி, மீள்பதிப்பு என்று நமக்குப் பழக்கமான முன்னொட்டுத்தான். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். 1973 காரையே விளையாட்டில் உருவாக்கி அதற்கு அதே பட்டையைப் போட்டால் அது மீள்கோலம் அல்ல, வெறும் படியெடுப்பு. கார் மாறியிருக்கவேண்டும்.

தம்பி, கதவில் இலக்கம் எழுதும் வெள்ளை வட்டத்துக்குக் கடையில் என்ன சொல்வீர்கள்? நான் 'இலக்க வட்டம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். வேறு சொல் புழக்கத்தில் இருந்தால் அதையே போடுகிறேன். வழிகாட்டியின் அந்த அத்தியாயத்தை வார இறுதியில் குழுவுக்கு அனுப்புவேன். மேல்விரிப்பில் யாருக்காவது மறுப்பு இருந்தால் அதற்குமுன் எழுதுங்கள்.