பெரிய கடைகளுக்கு என்னதான் ஆச்சு?

வேளச்சேரிவாசி:
எங்கள் பக்கத்துப் பெரிய சூப்பர்மார்க்கெட், பெயர் வேண்டாம், முன்பெல்லாம் குடும்பத்தோடு போனால் பொழுதே போய்விடும். இப்போது வரிசையாக பில் கவுன்ட்டர் இருந்தும் இரண்டில்தான் ஆள். ரேக்கில் 199 என்று ஒட்டியிருக்கிறது, பில்லில் 235 வருகிறது, கேட்டால் "ஆஃபர் நேற்றே முடிஞ்சிடுச்சு சார், ஸ்டிக்கரை எடுக்கலை" என்கிறார்கள். எல்லா ஊரிலும் இப்படித்தானா?

முன்னாள் கேஷியர்:
ஆள் குறைப்புதான் சார், வேறொன்றுமில்லை. நான் இருந்த கடையில் சரக்கு அடுக்குகிற பையனே பில்லும் போடணும், நடுவில் ஆன்லைன் ஆர்டர் வந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு அதற்கும் ஓடணும், அப்புறம் எங்கே ஸ்டிக்கர் மாற்றுவது? பில்லை மட்டும் கவுன்ட்டரிலேயே நின்று பார்த்துவிடுங்கள், வெளியே வந்துவிட்டால் பேச்சு எடுபடாது.

சும்மா ஒருவன்:
பிக் பஜார் ஞாபகம் இருக்கா? 2001-ல் தொடங்கியது, குடியரசு தின ஆஃபர் என்றால் உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. அதை நடத்திய ஃபியூச்சர் குழுமம் கடனில் மாட்டி, சரக்கு வரத்து குறைந்து, வாடகையும் பாக்கியாகி, 2022 பிப்ரவரியில் ரிலையன்ஸ் நிறுவனம் அந்தக் கடைகளைத் தன் கைக்கு எடுக்க ஆரம்பித்தது. உங்கள் கடையிலும் ஒரு ரேக் முழுக்க ஒரே பொருளைப் பரப்பி வைத்திருந்தால், பின்னால் குடோனில் சரக்கு இல்லை என்று சந்தேகப்படலாம்.

வேளச்சேரிவாசி:
அட, எங்கள் கடையில் பிஸ்கட் இருந்த வரிசை முழுக்க இப்போது தண்ணீர் பாட்டில்தான்!

முன்னாள் கேஷியர்:
கிஃப்ட் கார்டு ஏதாவது வைத்திருந்தால் சீக்கிரம் செலவழித்துவிடுங்கள் சார்.