அக்கா மகளின் வலிப்பு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா மகளுக்கு எட்டு வயது. பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று பத்து நொடி கண்கள் நிலைகுத்தி நின்றுவிடும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். வகுப்பில் பராக்குப் பார்ப்பதாக ஒரு வருடம் திட்டு வாங்கியிருக்கிறாள். கைகால் வெட்டி, நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று நாங்களும் நம்பியிருந்தோம். நினைத்தால் நெஞ்சு அறுக்கிறது.

சேலத்தில் மருத்துவர் அவளை வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார். எங்கள் கண்ணெதிரிலேயே அந்த வெறித்த பார்வை வந்தது. மூளையின் மின் அலைகளைக் காட்டும் இ.இ.ஜி. பதிவிலும் நொடிக்கு 3 அலைகள். ‘ஆப்சென்ஸ்’ வகை வலிப்பு என்று சொல்லி வால்ப்ராயேட் என்ற வலிப்பு மருந்தைத் தொடங்கியிருக்கிறார். பெண் குழந்தை என்பதால் வளர்ந்த பிறகு மருந்தை மாற்ற வேண்டிவரலாம் என்றும் சொன்னார்.

இதே வலிப்பு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இருக்கிறீர்களா? மருந்தால் பசியும் எடையும் கூடினால் எப்படிச் சமாளித்தீர்கள்? ஆசிரியர்களிடம் எப்படிப் பேசினீர்கள்? அவள் பாட்டி இன்னும் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார். இரும்பு வலிப்பை நிறுத்தாது என்று அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

இன்னொன்றுதான் பெரிய பயம். பெரிய வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டோம். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் சேலம் வர வேண்டும். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள் மலையில் யாரேனும் உண்டா?