ஒரே ரெப்போவில் மூன்று வெப் ஆப்: கேஷ், சிஐ, டாக்கர் மூன்றிலும் சிக்கல்

கேள்வி | முடிச்சு
வாடிக்கையாளர் தளம், அட்மின், ஏபிஐ மூன்றும் ஒரே ரெப்போவில் (கோட் களஞ்சியத்தில்). பொதுவான யூஐ பேக்கேஜ் தனி ஃபோல்டரில். பேக்கேஜ்களை இணைக்க பிஎன்பிஎம் வொர்க்ஸ்பேஸும், பில்டுகளை ஓட்டி முடிவுகளைக் கேஷில் சேமிக்க டர்போரெப்போவும் (சுருக்கமாக டர்போ) பயன்படுத்துகிறோம்.
அட்மினில் ஒரு வரி மாறினாலும் சிஐ (தானியங்கி பில்ட் அமைப்பு) மூன்றையும் பில்ட் செய்கிறது. ஸ்டேஜிங் (சோதனைத் தளம்) பில்டுக்குப் பின் லைவ் பில்ட் ஓட்டினால், உள்ளே ஸ்டேஜிங் ஏபிஐ முகவரியே இருக்கிறது (முகவரியை டாட் என்வ் எனும் அமைப்புக் கோப்பில் வைக்கிறோம்). ஆப்பைக் கன்டெய்னராகக் கட்டும் டாக்கர் பில்டோ யூஐ பேக்கேஜ் இல்லை என்று நின்றுவிடுகிறது.

மறுமொழி | நூலிழை
இரண்டாவது சிக்கல், அதாவது லைவில் ஸ்டேஜிங் முகவரி வருவதுதான் ஆபத்தானது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். டர்போ இயல்பாக கிட்டில் சேர்ந்த கோப்புகளை வைத்துத்தான் ஹாஷ் (கோப்புகளின் உள்ளடக்கத்திலிருந்து வரும் அடையாளக் குறி) போடுகிறது. ஹாஷ் மாறாவிட்டால் பில்டை மீண்டும் ஓட்டாது. டாட் என்வ் கிட்இக்னோரில் (கிட் ஒதுக்கும் கோப்புகளின் பட்டியல்) இருப்பதால் முகவரி மாறினாலும் ஹாஷ் மாறாது. கேஷிலிருந்து பழைய பில்டே வரும். டர்போ ஜேசான் எனும் அமைப்புக் கோப்பில் பில்ட் பணியின் 'இன்புட்ஸ்' பட்டியலில் டாட் என்வ் கோப்புகளைச் சேருங்கள். கூடவே, இயல்பான கோப்புகளையும் சேர்க்கும் 'டர்போ டிஃபால்ட்' குறியையும் கட்டாயம் போடுங்கள். அதை விட்டால் பட்டியலில் உள்ளவை மட்டுமே கணக்கு. அப்புறம் கோட் கோப்புகளை மாற்றினாலும் பழைய பில்டுதான், இப்போதைய நிலைமையே தேவலை என்றாகிவிடும். முகவரியைச் சிஐ நேரடியாகச் சூழல் மாறியாகத் தருவதானால், அந்த மாறியின் பெயர் 'என்வ்' பட்டியலில் இருக்க வேண்டும். ட்ரை ரன் (பில்ட் செய்யாமல் என்ன ஓடும் என்று மட்டும் காட்டுவது) ஓட்டி, முகவரியை மாற்றும்போது ஹாஷ் மாறுகிறதா என்று பாருங்கள்.

மறுமொழி | கிளைவழி
சிஐ: மாற்றம் பாதித்தவற்றை மட்டும் ஓட்டும் 'அஃபெக்டட்' ஆப்ஷனை டர்போவுக்குப் போட்டிருக்கிறீர்களா? போட்டும் எல்லாம் ஓடினால் செக்அவுட் ஆழத்தை (சிஐ எத்தனை கமிட் வரலாற்றை இறக்குகிறது என்பதை) பாருங்கள். கிட்ஹப் ஆக்ஷன்ஸில் அது இயல்பாக 1, அதாவது கடைசி கமிட் மட்டும். மெயின் கிளையோடு ஒப்பிட வரலாறு இல்லாததால் டர்போ எல்லாமே மாறியதாக எடுத்துக்கொள்ளும். 0 கொடுத்தால் முழு வரலாறும் வரும். யூஐ பேக்கேஜைத் தொட்டால் அதை நம்பியிருக்கும் ஆப்கள் பில்ட் ஆகத்தான் செய்யும், அது பிழையல்ல.

டாக்கர்: கான்டெக்ஸ்டாக (பில்டின்போது டாக்கர் பார்க்கக்கூடிய ஃபோல்டர்) அட்மின் ஃபோல்டரைக் கொடுத்திருப்பீர்கள். அதற்கு வெளியே உள்ள எதையும் காப்பி செய்ய முடியாது. ரெப்போவின் வேரைக் கான்டெக்ஸ்டாக்கி, டாக்கர்ஃபைல் (பில்ட் படிகள் உள்ள கோப்பு) பாதையைத் தனியே கொடுங்கள்.

முடிச்சு
0 கொடுத்ததும் சிஐ சரியானது. டாக்கரும் ஓடுகிறது, ஆனால் கோட் கோப்புகளை மாற்றும் ஒவ்வொரு முறையும் பேக்கேஜ் இன்ஸ்டால் முதலிலிருந்து நடக்கிறது.

மறுமொழி | நூலிழை
'டர்போ ப்ரூன்' கட்டளையை டாக்கர் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். அட்மினுக்குத் தேவையான பேக்கேஜ் ஜேசான்கள் (எந்தப் பேக்கேஜ்கள் தேவை என்ற பட்டியல்கள்) ஒரு ஃபோல்டரிலும் முழுக் கோட் கோப்புகள் இன்னொன்றிலும் பிரிந்து வரும். ஜேசான்களையும் குறுக்கிய லாக்ஃபைலையும் (பேக்கேஜ்களின் துல்லியப் பதிப்புகள் உள்ள கோப்பு) முதலில் காப்பி செய்து இன்ஸ்டால் முடித்த பிறகே கோட் கோப்புகளைக் காப்பி செய்யுங்கள். அப்போது கோட் மட்டும் மாறினால் இன்ஸ்டால் படி டாக்கர் கேஷிலிருந்தே வரும். அட்மின் ஃபோல்டரில் இருந்த டாக்கர்இக்னோரையும் (டாக்கர் ஒதுக்க வேண்டிய கோப்புகளின் பட்டியல்) வேருக்கு நகர்த்துங்கள், கான்டெக்ஸ்ட் மாறியதால் பழைய இடத்தில் அதை யாரும் படிப்பதில்லை.